கதவைத்தான் அடிப்பார்

துணியில் ஈரம் சொட்டவும் கூடாது, வறண்டும் இருக்கக் கூடாது. அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டை நாலாக மடித்து, குவளைத் தண்ணீரில் முக்கி, ஒரே ஒரு பிழி பிழிந்து, துப்பாக்கிக் கட்டையில் குழிந்திருந்த இடத்தின் மேல் போட்டாள் பிரமிளா. அயர்ன் பாக்ஸின் முனையை அதன் மேல் வைத்ததும் சுர்ரென்றது. ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. மழைக்காலத்தில் பள்ளிக்கூட பெஞ்சில் வருமே, அந்த வாடை. அதோடு பழைய எண்ணெய், பழைய வார்னிஷ், இன்னும் ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்று என்னவென்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெட்டியை எடுத்தாள், துணியை விலக்கினாள். குழி அங்கேயேதான் இருந்தது, ஆனால் சற்று முன்பு கட்டைவிரல் நுனி போய் உட்கார்ந்த இடத்தில் இப்போது விரல் அரைகுறையாகத்தான் இறங்கியது. முன்னறையில் டிவி சத்தம் தணிந்தது. "இன்னா பாப்பா, எழும்பிச்சா?" என்றார் அப்பா. "எழும்புதுப்பா." "நான் சொன்னனா இல்லியா? துப்பாக்கிக் கடைக்காரன் கைல மெக்கானிக் ஒருத்தன் கீறான், அவன்தான் சொன்னான். இத்தன வருசம் இது தெரியாம இருந்துட்டேன் பாரு." டிவி மறுபடியும் உரக்கப் பேச ஆரம்பித்தது. அவள் துணியை மறுபடியும் முக்கினாள். குழலைத் தனியாகக் கழற்றி அப்பா தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். இவள் முன்னால், மேஜையில் மடித்துப் போட்ட கம்பளியின் மேல் கிடந்தது வெறும் மரம். குழல் இல்லாத துப்பாக்கி துப்பாக்கியே இல்லை, அது ஊன்றுகோல் மாதிரி, கிரிக்கெட் மட்டை மாதிரி, அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஏட்டு வருவார். துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார் அப்பா. வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பார்த்து, வீட்டு ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதிப் போவது போலீஸ் வழக்கம். அந்த ஒரு வார்த்தைக்காக மத்தியானம் சாப்பாட்டின்போது ஒத்திகையே நடந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே முகத்தை உப்ப வைத்துக்கொண்டு ஏட்டுக் குரலில் கேட்டார்: "ஏம்மா பொண்ணு, உங்கப்பன் எப்படி, கோவக்காரனா?" இவள், "தங்கமானவர் சார்" என்றாள். "ஊட்டுல யாருக்கும் ஆட்சேபணை இல்லியே?" "இல்ல சார்." "சபாஷ்! கேட்டியா சுலோச்சனா, ஆட்சேபணைன்ற வார்த்தைய என் பொண்ணு எவ்ளோ சுத்தமா சொல்றா. நீ சொன்னா ஆச்சேவனைம்ப. நீ வாயத் தொறக்காத, அவ பேசட்டும். படிச்ச பொண்ணு வாயால வந்தாதான் அந்தாள் எழுதுவான்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியது வலது கை. அந்த மணிக்கட்டு லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும், பாத்ரூமில் வழுக்கி விழுந்து உடைந்த கை, சரியாகக் கூடவில்லை. பிரமிளாவும் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ரசம் அப்பாவின் தட்டில் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது. அம்மாவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தட்டைச் சாய்த்துக் குடித்தார். அவர் ஒன்றும் சொல்லாதது நல்ல விஷயம். இரண்டு வருஷமாகவே அவர் இப்படித்தான், ஒன்றும் சொல்வதில்லை. வங்கியில் அப்பாவைப் போலச் சொந்தத் துப்பாக்கி வைத்திருந்த காவலாளிகளை எல்லாம் நிறுத்திவிட்டு ஏஜென்சி ஆட்களைப் போட்டதிலிருந்து அவர் துப்பாக்கி அந்தக் கடைக்காரரிடம் பத்திரமாக இருந்தது. அப்பா வீட்டில் இருந்தார். துப்பாக்கி வீட்டில் இல்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அவள் ஒரு நாளும் துணிந்ததில்லை. அந்த இரண்டு வருஷத்தில்தான் அம்மா உள்ளறைக் கதவைத் தாழ் போடாமல் தூங்கப் பழகினாள், கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது, பாத்திரம் கழுவும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள். நேற்று சாக்குப் பையில் சுற்றிய துப்பாக்கி பஸ்ஸில் வந்து இறங்கியதும் பாட்டு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சுர்ரென்றது. எடு, விலக்கு, பார். அவளுக்கு இதன் கணக்கு புரிந்திருந்தது. கெமிஸ்ட்ரி படித்தவள். மரம் என்பது நெருக்கமாக அடுக்கிய குழாய்கள், பழச்சாறு குடிக்கும் குழல்களைக் கட்டாகக் கட்டியது போல. அடி விழுந்தால் குழாய்கள் நசுங்கும். அறுந்துபோகாமல் நசுங்கியது மட்டுமாக இருந்தால், ஈரமும் சூடும் கொடுத்தால் தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பழையபடி உருண்டு நிற்கும். மரம் அடியை மறப்பதில்லை, அடிக்கு முன்னால் இருந்ததையும் மறப்பதில்லை. அப்படி நினைத்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது, கல்லூரி ஆண்டு மலரில் எழுதுகிற வரி மாதிரி. அவள் எழுதவில்லை, குழி எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டையின் இடப்பக்கம் முழுக்கக் குழிகள். சிறிய பிறை மாதிரி இருப்பது வெளித் தாழ்ப்பாளின் கொண்டி பட்டது. நீளமாகக் கோடு விழுந்திருப்பது கதவுச் சட்டத்தின் விளிம்பு. இதெல்லாம் அவளுக்கு உள்பக்கத்திலிருந்து தெரியும். கதவுக்கு உள்ளே, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் விழும்போது கேட்டிருக்கிறாள். முதலில் தொம்மென்று பலகையில். பிறகு கொஞ்சம் மேலே. பிறகு கொண்டியில் பட்டு இரும்புச் சத்தம். அம்மா இவள் காதைப் பொத்துவாள். இவள் தூக்கம் வர அம்மாவின் வளையலைச் சுற்றுவாள். சுற்றிக்கொண்டே இருந்தால் சத்தம் எங்கோ தெருவில் கேட்பது போல ஆகிவிடும். காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டே வெட்கத்தோடு சிரிப்பார்: "பட்டாளத்துல கதவு தட்றது அப்படித்தான் பாப்பா. உங்கம்மா தொறந்திருந்தா ஒரே தட்டோட போயிருக்கும்." அம்மாவும் சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், பெரியம்மா ஊரிலிருந்து வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டால், அம்மா சொல்வது ஒன்றுதான்: "அவரு கதவத்தான் அடிப்பாரு. எம்மேல கை வெச்சதில்ல." சொல்லும்போது அம்மாவின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். இந்தத் தெருவில் மற்ற வீடுகளில் நடப்பதெல்லாம் தெரிந்தவள் அவள். கதவைத்தான் அடிப்பார். பிரமிளா அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தாள். ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த தோழி தன் அப்பாவைப் பற்றி அழுதபோது, எங்கப்பா அப்படியில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதவில் இருக்கும் குழிகளை மறைக்க அம்மா அங்கே சாமி படம் போட்ட காலண்டர் மாட்டியிருக்கிறாள். காலண்டர் இடுப்பு உயரத்தில் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், ஏன் இவ்வளவு தாழ்வா மாட்டியிருக்கீங்க என்று கேட்பார்கள். பாப்பா சின்னதா இருந்தப்போ மாட்டினது, அப்படியே விட்டுட்டோம் என்பாள் அம்மா. பாப்பா வளர்ந்து டிகிரி வாங்கிய பிறகும் வருஷா வருஷம் புதுக் காலண்டர் அதே ஆணியில்தான் ஏறுகிறது.

அடுத்த குழி. துணி. பெட்டி. அப்பா ஏன் தானே செய்யாமல் இவளிடம் கொடுத்தார் என்றால், கை நடுங்குகிறது. குடியை விட்டதிலிருந்து நடுங்குகிறது, அல்லது குடித்த காலத்திலேயே நடுங்கத் தொடங்கியது, எது முதலில் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் கையோடு நகைக்கடை வாசலில் துப்பாக்கி பிடித்து நிற்கப் போகிறார். நகைக்கடைக்காரர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், லைசென்ஸ் புதுப்பித்த துப்பாக்கியோடு வந்தால். போன தடவை லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியைக் காட்டப் போனபோது அங்கிருந்த அதிகாரி கட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா தணிகாசலம், இதால நெல்லு குத்துனியா?" என்று கேட்டாராம். அப்பா அதை நேற்று மறுபடியும் நடித்துக் காட்டினார். "நகைக்கடை வாசல்ல நிக்கறது பொண்ணு பாக்கற மாதிரி பாப்பா, பாக்கறவன் கண்ணுக்குப் பளபளன்னு இருக்கணும். நீ எடுத்துக் குடு, எனக்கு உன் கைதான் ராசி." அப்படிச் சொல்லும்போது அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை அவளால் மறக்க முடியவில்லை. வேலையில்லாமல் இரண்டு வருஷம் வாசல் படியில் பேப்பர் படித்த மனுஷன். ஒரே பேப்பரை விளம்பரம் வரைக்கும். இவளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது பட்டாளத்துச் சீருடையைப் பெட்டி போட்டு உடுத்தி, மெடலைக் குத்திக்கொண்டு, முதல்வர் அறைக்கு வெளியே நெஞ்சை நிமிர்த்தி நின்ற மனுஷன். நீங்க உள்ளே வாங்க என்று கூப்பிட்டபோது, நான் இங்கயே நிக்கிறேன், எம்பொண்ணு பேசுவா என்றவர். அந்த மெடலைக் குத்தியதும் கதவை அடித்ததும் ஒரே கைதான். எதையாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால் அவள் எதை எடுப்பாள்? யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஏட்டு கேட்கப் போவது ஆட்சேபணை உண்டா என்பதுதான். இல்லை. இல்லை சார். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். உண்டு என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் பார்த்தாள். ஏட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார். துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதான். நகைக்கடை வேலை போகும். ஏட்டின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் வீட்டில் மூன்று பேர் மட்டும் இருப்பார்கள், ஒரு கதவும். அதற்கு மேல் யோசனை போகவில்லை, அதே இடத்தில் நின்று சுற்றியது. கதவைத்தானே அடிப்பார். அப்படியென்றால் துப்பாக்கி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அடிப்பது மரம், அடி வாங்குவதும் மரம். இரண்டு மரத்துக்கும் நடுவில் எந்த உயிரும் இல்லை. அப்படிப் பார்த்தால் கணக்கு சரியாக வந்தது. தோட்டாக்கள் இருந்த டப்பா பீரோவின் மேல் தட்டில் இருந்தது. காலையில் அம்மா துணி எடுக்கப் பீரோவைத் திறந்தபோது அது லேசாக உருண்டு கலகலத்தது. அம்மா கதவை மூடுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம், ஒரு தூங்குகிற குழந்தையின் அறையை மூடுவது போல இருந்தது.

விரல்நுனியால் கட்டையைத் தடவினாள். பெரிய குழிகள் எல்லாம் அநேகமாக மேலே வந்துவிட்டன. கொண்டி பட்ட பிறை மட்டும் வராது, அதில் நார் அறுந்திருந்தது. அறுந்தது வராது. பரவாயில்லை, எண்ணெய் பூசினால் மரத்தின் ரேகையோடு ரேகையாகப் போய்விடும். அந்தப் பிறைக்குக் கொஞ்சம் மேலே, கட்டை கன்னத்தில் அணைகிற பக்கம், விரல் எதிலோ தட்டியது. குழியில் இல்லை. மேட்டில். அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். நேற்று தின்னர் போட்டு வார்னிஷை எடுத்தபோது அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது, கட்டையிலேயே நல்ல இடம் அதுதான் என்று நினைத்திருந்தாள். ஈரத்துணி பக்கத்துக் குழிக்காகப் போட்டது, விளிம்பு இந்த இடத்தின் மேலும் படிந்திருக்கிறது. ஆவி குடித்திருக்கிறது. ஜன்னல் பக்கம் கட்டையைத் திருப்பினாள். மேற்கு வெயில் சாய்ந்து விழுந்தபோது தெரிந்தது, நூல் பருமனில் ஒரு வளைவு, மரத்திலிருந்து எழுந்து நின்றது. வட்டத்தில் கால்வாசி. நரம்பு புடைத்த மாதிரி. மரத்துக்கு வியாதி வந்த மாதிரி. குழி மேலே வந்து சமமாக வேண்டும், இது எப்படிச் சமத்தைத் தாண்டி மேலே வரும்? கணக்குத் தப்பாக வந்தால் முதல் வரியிலிருந்து பார் என்பார் கெமிஸ்ட்ரி மேடம். முதல் வரியிலிருந்து பார்த்தாள். நசுங்கிய நார் ஈரம் பட்டால் தன் பழைய உயரத்துக்கு எழும். அது எழும்போது சுற்றியுள்ள மரம் அதைவிடத் தாழ்ந்து இருக்கிறது. அப்படியென்றால் சுற்றியுள்ள மரம் எங்கே போனது? யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். இங்கே ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் மறைகிற வரைக்கும் உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் தேய்த்து, அதன் மேல் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். இத்தன வருசம் இது தெரியாம இருந்துட்டேன் பாரு. மற்ற குழிகளை எல்லாம் அப்படியே விட்டவர், நெல்லு குத்துனியா என்று அதிகாரி கேட்கும் அளவுக்கு விட்டவர், இந்த ஒன்றை மட்டும் தேய்த்திருக்கிறார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். ஏன் மூடினாள் என்று தெரியவில்லை. மூடியதும் விரல் தானாகப் படித்தது. அந்த வளைவு வெறும் கோடில்லை. அதில் சாய்வு சாய்வாகப் பொடிக் கோடுகள், கயிறு திரித்தது போல, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து போயின. முறுக்கு. முறுக்குக் காப்பு. விரலுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, இவளுக்குத்தான் தெரிய நேரமாயிற்று. அம்மாவின் வலது கையில் கிடந்த பித்தளை முறுக்குக் காப்பை எத்தனை ராத்திரி சுற்றியிருக்கிறாள். இந்தச் சாய்வு, இந்த இடைவெளி, இரண்டு நுனியும் சேருகிற இடத்துக்கு முன்னால் முறுக்கு கொஞ்சம் தளர்ந்து போவது. அதுவும் இருந்தது. மரத்தில் அதுவும் இருந்தது. அந்தக் காப்பு இப்போது அம்மாவின் கையில் இல்லை, சாமி மாடத்தில் பவுடர் டப்பாவுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. துவைக்கிற கல்லுல பட்டு நசுங்கிடுச்சி என்றாள் அம்மா. எப்போது? பிரமிளா ஹாஸ்டலில் இருந்தபோது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். "உங்கம்மா பாத்ரூம்ல வழுக்கிக் கைய ஒடச்சிக்கினா பாப்பா. பயப்படாத, நான் பாத்துக்கறேன். நீ வராத, படி." குரல் எவ்வளவு மென்மையாக இருந்தது. அப்பா எவ்வளவு அக்கறையாக இருக்கிறார் என்று தோழியிடம் சொன்னாள். வளையல் கல்லில் பட்டு நசுங்கியது, கை பாத்ரூமில் உடைந்தது. இரண்டும் வேறு வேறு இடம். இத்தனை நாளும் அது அவளுக்கு உறைக்கவில்லை. உறைக்காமல் இருந்ததா, உறைக்க விடவில்லையா? அவள் தன் வலது கையைத் தூக்கினாள். கட்டை இப்படி வருகிறது, அதன் கன்னப்பக்கம் மணிக்கட்டின் வெளிப்புறத்தில் பட வேண்டும், அப்படிப் பட வேண்டுமென்றால் கை எங்கே இருக்க வேண்டும்? கீழே தொங்கினால் படாது. கதவைப் பிடித்திருந்தால் படாது. கையை மடக்கி மேலே, இன்னும் மேலே கொண்டுபோனாள். நெற்றிக்கு முன்னால் வந்ததும் சரியாக இருந்தது. மணிக்கட்டுக்குப் பின்னால் அவள் முகம் இருந்தது. பீரோக் கண்ணாடியில் பார்த்தாள்: ஒரு பெண் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். கை அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று யோசனை ஆரம்பித்தது. அவள் அதை முடிக்கவில்லை. கையைக் கீழே இறக்கவும் மறந்துபோனாள்.

"பால் வாங்கியாந்துட்டேன், ஏட்டு வந்தாரா?" பின்வாசல் வழியாக அம்மா வந்துவிட்டாள். பிரமிளா ஈரத்துணியை எடுத்துக் கட்டையின் மேல் போட்டாள், பிணத்தின் முகத்தை மூடுகிற அவசரத்தோடு. "இன்னும் இல்லம்மா." அம்மா அறை வாசலில் நின்றாள். மேஜையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "ஏன் மூஞ்சி இப்படிக் கீது? கையக் கிய்ய சுட்டுக்கினியா?" "இல்லம்மா, ஆவி." அம்மா உள்ளே வந்து அயர்ன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினாள். "போதும், கரண்ட் ஏறுது." பிறகு துணியின் ஒரு மூலையை வளைந்த கையால் தூக்கினாள். குழம்புச் சட்டியின் மூடியை, கொதித்துவிட்டதா என்று பார்க்கத் தூக்குவது போல. தூக்கியபடியே நின்றாள். அவள் மூச்சு மாறவில்லை. தொடவில்லை. துணியைத் திரும்ப வைத்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். "உப்புத்தாள் அங்க ஜன்னல்ல கீது" என்றாள். குரலில் ஒன்றுமில்லை. அதைத் தேய்த்துவிடு என்று சொன்னாளா, உப்புத்தாள் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னாளா, பிரமிளாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா, என்று கூப்பிட வாய் திறந்தது. அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்ப் பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மரம் காஞ்சிடுச்சின்னா லேசா தேச்சி எண்ணெய் பூசிக் கொண்டா, மணி ஆவுது." சரிப்பா என்றாள். உப்புத்தாளை எடுத்தாள். நைசான தாள், விரலில் மாவு மாதிரி இருந்தது. நாலு இழுப்புப் போதும். அதற்குமேல் வேண்டாம். மேடு போய்விடும், மரம் ஒரே சமமாகிவிடும், எண்ணெய் பூசினால் பளபளவென்று நகைக்கடைக்குப் பொருத்தமாக இருக்கும். இல்லை சார் என்று சொல்லலாம். அப்பா வேலைக்குப் போவார். வாசல் படியில் பேப்பர் படிக்க மாட்டார். ராத்திரி வருவார், துப்பாக்கியோடு வருவார். கதவைத்தான் அடிப்பார். அந்த வாக்கியத்தை மறுபடியும் சொல்லிப் பார்த்தாள், வாயில் ஒட்டவில்லை, பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுவது போல அங்கே ஓட்டைதான் இருந்தது. ஒரு தடவை அப்பா தேய்த்தார். இப்போது தேய்த்தால் தேய்ப்பது நான். இதே மேஜையில் வைத்துத்தான் அவரும் தேய்த்திருப்பாரா? அம்மா கையில் கட்டோடு உள்ளே படுத்திருக்கும்போதா? சரக் சரக்கென்ற சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்குமே. அந்தச் சத்தம் எதனுடையது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்குமே. தாளை மேட்டின் மேல் வைத்தாள். அழுத்தவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை. பால் பொங்கும் சத்தம்கூட இல்லை. அங்கே ஒருத்தி அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பிரமிளாவுக்குத் தோன்றியது, சரக்கென்ற அந்த முதல் இழுப்புக்காக. அவள் தாளை மடித்தாள். மடித்த தாளைக் குவளைத் தண்ணீருக்குள் போட்டாள். தாள் கொஞ்ச நேரம் மிதந்து, ஊறி, அடியில் போய்ச் சுருண்டது. பிறகு துணியில் எண்ணெயைத் தொட்டுக் கட்டையில் பூசினாள். மரம் எண்ணெயைக் குடித்துக் கறுத்தது. வளைவு மற்ற இடத்தைவிட அதிகமாகக் குடித்து, அதைவிடக் கறுப்பாக, இப்போது கண்ணுக்கே தெரிந்தது. அடுப்படியில் ஒரு தம்ளர் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. "பட்டாளத்தாரே, சரண்டரா ஃபைட்டா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார் ஏட்டு துரைக்கண்ணு. அப்பா ஓடிப்போய் டிவியை அணைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உங்களுக்கு எப்பவும் சரண்டர்தான் சார். உக்காருங்க. பாப்பா, சாருக்கு நம்ம சாமானக் காட்டு." பிரமிளா கட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். உள்ளறைக் கதவைக் கடக்கும்போது காலண்டர் அவள் முழங்கையில் உரசி ஆடியது. நகர்ந்த தாளுக்கு அடியில் பழைய குழி ஒன்று தெரிந்து மறைந்தது. வலப்பக்கம் மேலே இருக்கும்படிக் கொடுக்கலாம், அது எப்போதும் சுத்தமான பக்கம். நடக்கும்போதே மனசு அதைச் சொல்லிக்கொண்டே வந்தது, வலது, வலது என்று. அவள் இடப்பக்கம் மேலே வரும்படி ஏட்டின் மடியில் வைத்தாள். "அட, புதுசு மாதிரி கீது! குழல் எங்கப்பா? நம்பர் பாக்கணும்." "இதோ சார்" என்று அப்பா கட்டிலுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து குனிந்தார். அவர் முதுகு தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் முடி வெள்ளையாகிவிட்டதை அவள் இப்போதுதான் பார்த்தாள். ஏட்டு பேனாவைத் திறந்தார். "சொல்லும்மா, நீதான் படிச்ச பொண்ணாமே. ஊட்டுல யாருக்கும் ஆட்சேபணை ஒண்ணும் இல்லியே?" ஒத்திகை பார்த்த வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, வெளியே வருவதற்கு எதுவுமே செய்ய வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும். அதனால் அவள் முதலில் வாயை இறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கட்டைய ஒரு தடவ தடவிப் பாருங்க சார்."

ஏட்டு சிரித்தபடியே தடவினார். கட்டைவிரல் போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் அங்கேயே போய் நின்றது. "இன்னாது இங்க மேடா கீது? வரி வரியா?" கட்டிலுக்கு அடியில் இரும்பு தரையில் உரசும் சத்தம் நின்றது. அப்பா கையில் குழலோடு மெல்லத் திரும்பினார். எழுந்திருக்கவில்லை. ஏட்டின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் கை நடுங்கியது, குழலின் வாய் தரையில் டக்டக்கென்று தட்டியது. கதவைத் தட்டுவது போல, ரொம்ப மெதுவாக. யாராவது பேச வேண்டும். நான்தான் பேச வேண்டும், படிச்ச பொண்ணு, என்று பிரமிளா மூச்சை இழுத்தாள். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, அப்பா என்று ஆரம்பிப்பதா, இவர் என்று ஆரம்பிப்பதா என்று தேடிக்கொண்டிருந்தாள். "கேக்கறன் இல்ல, இன்னாம்மா இது?" என்றார் ஏட்டு மறுபடியும். சிரிப்பு இப்போது அவர் முகத்தில் இல்லை.

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள், கையில் டீத் தம்ளர். வளைந்த கையில்தான் பிடித்திருந்தாள், தளும்பவில்லை.

"அது என் வளையல் சார்" என்றாள்.